மீதிப் பத்து எங்கே?

மனித குலத்தில் மீதிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் போய்த் தேடாதீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கக்கூடும். பார்ப்பதற்கு எல்லாரையும் போலத்தான் இருப்பார். சிரிப்பார், சாப்பிடுவார், பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடிப்பார். ஆனால் எதையாவது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். கையில் இருக்கிற தொண்ணூற்றெட்டு அவர் கண்ணில் படவே படாது. கைக்கு வராத அந்த இரண்டுதான் படும். "மீதி ரெண்டு எங்கே?" என்பார்.

காய்ச்சல் விட்டுக் குழந்தை கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாலும், தெர்மாமீட்டர் இன்னும் சம்மதிக்கவில்லை என்று அதைப் பிடித்துப் படுக்க வைப்பவர் இவர். காற்று வருகிறதா என்று பார்க்காமல் மின்விசிறியின் குமிழ் ஐந்தில் நிற்கிறதா என்று பார்ப்பவர் இவர். செல்போனில் சார்ஜ் தொண்ணூற்றொன்பதில் நின்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிடுபவர், கண்ணெதிரே கடல் கிடக்க அதைப் பார்க்காமல் இங்கே வர எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருப்பவர், லிஃப்டில் ஏறினால் பக்கத்தில் நிற்கிற மனிதரைத் திரும்பியும் பார்க்காமல் தலைக்கு மேல் மாறுகிற எண்ணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறவர், எல்லாம் இவர்தான். சரி, அந்த லிஃப்ட் விஷயத்தை விடுங்கள். அதை எல்லாருமே செய்கிறோம்.

இந்த இனத்தில் கலப்படமே இல்லாத ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். என் தங்கையின் கணவர். ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரி. பெல்ட்டில் வரிசையாக வருகிற பிஸ்கட்டில் ஒன்றை எடுப்பார், அளப்பார், நிறுப்பார், உடைத்து ஈரம் எவ்வளவு என்று இயந்திரத்தைக் கேட்பார். ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடிந்துபோய் நின்றிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, நல்லா இல்லையா?"

"பதினெட்டு ஓட்டை இருக்கணும் மச்சான். பதினேழுதான் இருக்கு."

"கடிச்சுப் பாத்தீங்களா?"

"கடிக்கிறதுக்கு வேற ஆள் இருக்காங்க."

அவருடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வயது. எங்கள் குடும்பத்தில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். காலையில் பல் துலக்கும்போதே நுரையும் பேச்சுமாக ஆரம்பித்தாளானால் இரவு தூக்கம் வந்து பாதி வாக்கியத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் ஓயமாட்டாள். ஏன் எறும்புக்கு முழங்கால் வலிக்காது, ஏன் மாமாவுக்குக் காதில் முடி, ஏன் நாளைக்கு இன்றைக்கே வரக்கூடாது. இத்தனை கேள்விக்கும் அப்பாவிடமிருந்து வருகிற ஒரே பதில் "ம்ம்". அவர் அப்போது எதையாவது எண்ணிக்கொண்டிருப்பார்.

அந்த வாய் ஒருநாள் மூடிக்கொண்டது. சளி என்றார்கள், இருமல் என்றார்கள், பிறகு மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது, பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து உள்ளே போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். நுரையீரலில் கிருமி. மூக்கில் இரண்டு சிறிய குழாய், அதன் வழியாக வெதுவெதுப்பான ஆக்சிஜன் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கையில் ஊசி, மார்பில் ஒயர், விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம் எரிகிற ஒரு கிளிப். "மா... மா..." என்று என்னைக் கூப்பிடுவதற்கு அவள் இரண்டு மூச்சு எடுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை பேசாமல் படுத்திருந்ததைப் பார்த்த பிறகுதான், இவள் பிழைப்பாளா என்கிற கேள்வியே எனக்கு வந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

மாப்பிள்ளையும் அரண்டுதான் போயிருந்தார். எங்கே நிற்பது, எதைத் தொடுவது என்று தெரியாமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போதுதான் கட்டிலின் தலைமாட்டில் இருந்த திரை அவர் கண்ணில் பட்டது. மேலே பச்சைக் கோடு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அது இதயம். கீழே நீல நிறத்தில் ஓர் எண். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிற எண்.

ஓர் எண்! அதுவும் நூற்றுக்கு!

சுற்றுவது நின்றது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முகம் திரைக்கு, முதுகு மகளுக்கு.

அன்றைக்கே ஆய்வு செய்கிற டாக்டரம்மா வந்தார். கண்ணைச் சுற்றிக் களைப்பு, சட்டைப் பையில் நாலு பேனா. கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "இப்படி மூச்சுத் திணறி வர்ற பிள்ளைங்களுக்கு ஆக்சிஜன் குடுக்கிறோம். ஆக்சிஜனும் ஒரு மருந்துதான். ரொம்பக் குறைஞ்சா ஆபத்து, அது தெரியும். தேவைக்கு மேல ஏத்தினா நல்லதா கெட்டதா, அதுதான் சரியாத் தெரியல. அதனால பாதிப் பிள்ளைங்களுக்கு இந்த எண் தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கிற மாதிரி குடுக்கிறோம். மீதிப் பாதிக்குத் தொண்ணூறை ஒட்டி இருந்தா போதும்னு விடறோம். எந்தக் குழுவா இருந்தாலும், பிள்ளைக்குத் தேவைன்னா உடனே ஏத்திடுவோம். வேண்டாம்னு நீங்க எப்பச் சொன்னாலும் வெளிய எடுத்துடுவோம்."

"எந்தப் பாதி நல்ல பாதி?"

"அது தெரிஞ்சா ஆய்வு எதுக்குங்க?"

"டாக்டருக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒரு டாக்டரை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. என் தங்கைக்கோ அந்த ஒரு வார்த்தையிலேயே அந்த அம்மாள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. ஒரே வீட்டில் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ! இருவரும் பேசி, சேரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். எந்தக் குழு என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த கணம் மாப்பிள்ளை என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், இந்தக் கம்ப்யூட்டரை யாரு பாத்துக்கிறாங்க? உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"குலுக்கலுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிபாரிசு?"

"சிபாரிசு இல்ல மச்சான். நல்லா குலுக்கச் சொல்லணும், அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நேரே டாக்டரம்மாவிடம் போய்க் குரலைத் தாழ்த்தி, "மேடம், தப்பா நினைக்காதீங்க. எங்க குடும்பத்துல எல்லாருமே எப்பவும் தொண்ணூறுக்கு மேலதான்" என்றார். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டுவரவா என்று கேட்காததுதான் பாக்கி. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று முகக்கவசத்துக்குள் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் குலுக்கியது. வாயாடிக்குத் தொண்ணூறை ஒட்டிய குழு விழுந்தது.

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். "இந்த வம்சத்துலயே முதல் தடவை" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததெல்லாம் மீதிக்காரர் இனத்தின் முழு வாழ்க்கை முறையைப் படிக்க விரும்புகிறவர்களுக்குப் பாடப் புத்தகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தொண்ணூற்றொன்று என்றால் மார்பு நிமிரும். தொண்ணூறு என்றால் தோள் சரியும். எண்பத்தொன்பது ஆனால் எழுந்து நின்று திரையைக் கைக்குட்டையால் துடைப்பார், அழுக்குப் படிந்து எட்டாகத் தெரிகிறதோ என்னவோ. ஒருமுறை வாயாடி இருமி, கிளிப் நழுவி, எண் கீழே விழுந்து, மணி அடித்தபோது அவர் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். நர்ஸ் வந்து கிளிப்பைச் சரியாக மாட்டினார். எண் தொண்ணூற்றொன்றுக்குத் திரும்பியது. மாப்பிள்ளை கும்பிட்டார். நர்ஸை இல்லை. திரையை.

சொந்தக்காரர்கள் போனில் கூப்பிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். "தொண்ணூத்தொண்ணு" என்பார். கண் திறந்தாளா, பால் குடித்தாளா, பேசினாளா, அதெல்லாம் கேட்டால் என் தங்கையிடம் போனைக் கொடுத்துவிடுவார். அவருடைய சித்தப்பா ஒருவர், அவரும் அதே இனம், "அப்ப பாஸ்தானே, எதுக்குக் கவலைப்படறே?" என்று ஆறுதல் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். அவன் மற்றக் குழுவில் இருந்தான். அவனுடைய திரை தொண்ணூற்றெட்டு காட்டியது. இதைவிட வேறு வினை வேண்டுமா? தன் திரையைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் மாப்பிள்ளை எட்டி எட்டி அந்தத் திரையைப் பார்த்தார். பையனின் அப்பா லாரி ஓட்டுகிறவர். அவரிடம் போய், "உங்க பையன் மட்டும் எப்படிங்க தொண்ணூத்தெட்டு எடுக்கிறான்?" என்று கேட்டேவிட்டார். அந்த மனிதர் குழம்பிப்போய், "நாங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்களே" என்றார்.

என் நிலைமைதான் பரிதாபம். நான் அறைக்குள் நுழைந்த சமயம் பார்த்து எண் ஒன்று ஏறித் தொலைத்தது. ஜன்னல் ஓரத்து மூலையில் நின்றிருந்தேன்.

"மச்சான், அசையாதீங்க. அங்கேயே நில்லுங்க. நீங்க அங்க நின்னாத்தான் ஏறுது."

"கால் வலிக்குது மாப்பிள்ளை."

"உங்க மருமகளுக்காக இதுகூடச் செய்யமாட்டீங்களா?"

மருமகளுக்காக நின்றேன். தாய்மாமன் கடமை என்று எதையெதையோ சொல்லிக் கேட்டிருக்கிறேன், குடைக்கம்பி மாதிரி மூலையில் நிற்பதும் அதில் சேர்த்தி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கை கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவளும் பயந்துதான் இருந்தாள். ஆனால் அவள் பயந்தது பிள்ளையைப் பார்த்து. "ஏங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பிள்ளையைப் பாருங்களேன்" என்பாள். "பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். தொண்ணூறு" என்பார் அவர்.

ஒருநாள் காலை எண் எண்பத்தொன்பதில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. அசைய மறுத்தது. நான் மூலையில் ஒற்றைக் காலில் நின்றும் பலனில்லை. மாப்பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, "போதும் மேடம். மீதிப் பத்து எங்கேன்னு யாருமே சொல்லமாட்டேங்கிறீங்க. எங்க பிள்ளையை வெளிய எடுத்துடுங்க" என்றார்.

"சரிங்க. இப்பவே எடுத்துடலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டோம்" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நேத்தைக்கு இன்னைக்குப் பிள்ளை எப்படி இருக்கா?"

மாப்பிள்ளை பதில் சொல்வதற்காகத் திரையைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா நகர்ந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றார். சொந்த மகள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்திருக்கிறாள், அவள் எப்படி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

தங்கைதான் சொன்னாள். "விலாவுல குழி விழறது கொறைஞ்சிருக்கு டாக்டர். மூக்கு விரியறது நின்னுடுச்சு. நேத்து என் முகத்தைப் பாக்கவே இல்ல. இன்னைக்குப் பாக்குறா." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்தது. "வெளிய எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பிள்ளையைப் பாத்துட்டு எடுங்கன்னுதான் சொல்றேன்."

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு முடிவு பண்றேன்" என்றார். அன்று முழுக்க என்னை மூலைக்கு அனுப்பவில்லை. பாவம், நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார்.

மறுநாள் மதியம் தங்கை முகம் கழுவப் போனாள். போகும்போது, "அவ கையையாவது பிடிச்சுக்குங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். மாப்பிள்ளை போர்வைக்குள் கையை விட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கை மட்டும்தான் போர்வைக்குள். கண் வழக்கமான இடத்தில். நான் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வைக்குள் ஏதோ நெளிந்தது. திரையில் எண் ஒரு நிமிஷம் காணாமல் போய், வெறும் கோடாக நின்று, மாப்பிள்ளையின் உயிர் தொண்டைக்கு வந்து, பிறகு எண் திரும்பி வந்தது.

தொண்ணூற்றாறு!

"மச்சான்! தொண்ணூத்தாறு! நான் சொன்னேன்ல, அவளால முடியும்னு சொன்னேன்ல! எம் பொண்ணு மச்சான்!" கண்ணில் தண்ணீர். எழுந்து குதிக்கக்கூட முடியவில்லை, ஒரு கை போர்வைக்குள் இருந்தது. மறு கையால் லாரிக்காரரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

நர்ஸ் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். "ஆக்சிஜன் இருக்கட்டும். பிள்ளையோட நாடித்துடிப்பு நூத்து முப்பதுல இருந்து திடீர்னு எண்பத்தஞ்சுக்கு எப்படி வந்துது? இது பெரிய ஆளோட துடிப்பு மாதிரி இருக்கே!" என்று போர்வையை விலக்கினார். கிளிப் மாப்பிள்ளையின் ஆள்காட்டி விரலில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. வாயாடி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்து குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் திரும்பவும் சிரிப்பாக மாறியது.

"திருட்டுத்தனம் பண்ற அளவுக்குத் தெம்பு வந்தாச்சு" என்று நர்ஸும் சிரித்துவிட்டு, கிளிப்பைப் பிள்ளையின் விரலில் மாட்டினார். தங்கை ஈர முகத்தோடு வந்து நின்று விஷயத்தைக் கேட்டு, சிரித்து, அப்படியே அழுதாள். சேர்த்த நாளிலிருந்து அதுவரை அவள் அழவில்லை.

மாப்பிள்ளை மட்டும் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனம் திருந்திவிட்டார், இனி மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அப்ப எனக்குத் தொண்ணூத்தாறுதானா சிஸ்டர்?" என்றார். "மீதி நாலு எங்கே?"

விஷயம் டாக்டரம்மா காதுக்கு எட்டியது. வந்தார். திரையின் கழுத்தைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். "எங்க மேஜையிலயும் இது தெரியும். நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

"அப்ப நான் எதைப் பாக்கிறது?"

"பிள்ளையை."

"பிள்ளைகிட்ட எதைப் பாக்கிறது?"

"பேச்சைக் கேளுங்க. மூச்சுத் திணறுற பிள்ளை ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தும். தேற ஆரம்பிச்சா வார்த்தை கூடும். ஒரே மூச்சுல எவ்வளவு பேசறான்னு கவனிச்சுச் சொல்லுங்க. எங்களுக்கும் உதவியா இருக்கும்."

நல்ல டாக்டர். கெட்டிக்கார டாக்டர். ஆனால் மீதிக்காரர் இனத்தை அவர் படித்ததில்லை. பசித்த ஆளின் கையில் திரும்பவும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை விரல்களை நீட்டித் தயாராக உட்கார்ந்தார்.

"அப்பா தண்ணி..."

"ரெண்டு!"

"அம்மா எங்க... போனா..."

"ரெண்டு, அப்புறம் ஒண்ணு. சேர்த்துச் சொல்லும்மா, மூணா ஆகும்."

வாயாடி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். "தலையாட்டினா எத்தனை வார்த்தை சிஸ்டர்?" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "ம்ம்" என்பதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று என்னோடு தர்க்கம் செய்தார். இத்தனை வருஷமாக மகளுக்கு அவர் சொன்ன பதில் முழுவதும் அந்த "ம்ம்"தான் என்பதால் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சித்தப்பாவுக்குப் போன் போனது: "நாலு! நேத்து ரெண்டு!" பக்கத்துக் கட்டில் பையன் ஏழு பேசிவிட்டான் என்று அறிந்ததும் முகம் வாடியது.

ஆனால் ஒன்று நடந்தது. அதை நான் சொல்லியே ஆகவேண்டும். எண்ணுவதற்கென்று காது கொடுத்தவருக்கு, எண்ணும்போதே, அவள் என்ன சொல்கிறாள் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கியது. "எறும்பு இங்க வருமா" என்று அவள் கேட்டாள். "மூணு" என்றவர் சற்று நிறுத்தி, "வராதும்மா, இங்க எல்லாம் துடைச்சு வெச்சிருக்காங்க" என்றார். நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகளின் கேள்விக்கு அவர் பதில் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு காலை. மூக்குக் குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். இனி அவள் தன் மூச்சைத் தானே விட வேண்டும். முடியாவிட்டால் திரும்பக் குழாய், அதுவும் போதாவிட்டால் தொண்டைக்குள் குழாய், பெரிய இயந்திரம். டாக்டரம்மா இதை மறைக்காமல் சொன்னார். மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார். நானே போய் ஜன்னல் மூலையில் நின்றுகொண்டேன். நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் ஒருவேளை என்று ஒன்று இருக்கிறதே.

நர்ஸ் கன்னத்து பிளாஸ்திரியை மெல்ல உரித்தார். சிவப்பாகத் தடம் இருந்தது. குழாய் வெளியே வந்தது. இத்தனை நாள் காதில் விழுந்துகொண்டிருந்த காற்றின் இரைச்சல் நின்றது. வாயாடி ஒரு மூச்சு இழுத்தாள். விட்டாள். இன்னொன்று இழுத்தாள். டாக்டரம்மா அவளுடைய விலாவைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார். திரை எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் விரல்கள் எண்ணுவதற்குத் தயாராக நீண்டிருந்தன. வாயாடி அவரை முறைத்தாள். வாயைத் திறந்தாள்.

"அப்பா நீ எப்பப் பாத்தாலும் அந்த டிவியவே பாத்துக்கிட்டு இருந்த அதுல படமும் வரல பாட்டும் வரல நான் இங்கதான இருக்கேன் எனக்கு மூக்கு எவ்ளோ அரிச்சுது தெரியுமா மாமாவ எதுக்கு மூலைல நிக்க வெச்சிருக்க அவருக்குக் கால் வலிக்காதா பாவம் எனக்கு இந்தச் சட்டை பிடிக்கவே இல்ல என் செருப்பு எங்க வா வீட்டுக்குப் போலாம்!"

நடுவில் ஓரிடத்தில் அவள் மூச்சு வாங்கினாள் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நான் பார்த்தது மாப்பிள்ளையின் கையை. முதல் விரல் மடங்கியது. இரண்டாவது மடங்கியது. மூன்றாவது பாதியில் நின்றது. பிறகு அந்தக் கை அப்படியே கீழே இறங்கி, மகளின் முதுகில் போய்ப் படிந்து, மூச்சு ஏறி இறங்குவதோடு தானும் ஏறி இறங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது.

"எத்தனைங்க?" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"என்னது எத்தனை?" என்றார் மாப்பிள்ளை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. "அவ செருப்பைக் கேக்குறா மேடம். யாராவது எடுத்துக் குடுங்களேன்."

செருப்புக்கு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டியிருந்தது. சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள், அங்கே எல்லா நர்ஸுகளின் குடும்ப விவரத்தையும் வாயாடி கறந்துவிட்டாள், பிறகு வீட்டுக்கு வந்தாள். பிள்ளையை ஆய்விலிருந்து விலக்குகிற பேச்சை மாப்பிள்ளை பிறகு எடுக்கவே இல்லை. ஆய்வு இன்னும் நடக்கிறது. எந்தப் பாதி நல்ல பாதி என்று டாக்டரம்மாவுக்கு இன்னும் தெரியாது, கேட்டால் தெரியாது என்றுதான் சொல்கிறார். மாப்பிள்ளை பழையபடி பிஸ்கட்டில் ஓட்டை எண்ணப் போய்விட்டார். ஆனால் இப்போது ஒன்றைக் கடித்தும் பார்க்கிறாராம். நன்றாக இருக்கிறதாம்.

வாசகரே, நீங்கள் இந்த இனத்தில் சேர்ந்தவர் இல்லை, எனக்குத் தெரியும். இதைப் படிக்கத் தொடங்கும் முன் எத்தனை பக்கம் என்று கடைசிவரை புரட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். வாயாடியின் அந்தப் பேச்சு வந்த இடத்தில், எத்தனை வார்த்தை இருக்கும் என்று விரல் தானாக மடங்கியிருக்காது. ஒருவேளை மடங்கியிருந்தால், வெட்கப்படாமல் கையைக் கீழே இறக்குங்கள். இறக்கிவிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அத்தனை பேச்சுக்கு நடுவில் அந்தக் குழந்தை எனக்காகவும் பரிந்து ஒரு வார்த்தை கேட்டாளே, அது என்ன? மேலே பார்க்கக் கூடாது.